'ஓன்லி' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் நான்கே எழுத்துக்களால் ஆன சிறு சொல் 'ஓன்லி'. பிழைப்பை நாடி வடக்கேயும் மேற்கேயும் குடியேறிய நம் குடும்பங்களில் இச்சொல்லை அறியாதவர் இலர். பள்ளிக்குச் செல்லும் குழந்தை முதல் பென்ஷன் வாங்கும் பெரியவர் வரையில் எல்லாரும் நாள்தோறும் இதை வழங்குகிறோம். 'ஹி இஸ் லைக் தட் ஓன்லி' என்று பக்கத்து வீட்டாரிடம் பிள்ளையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறோம். 'ஐ ஆம் ஹியர் ஓன்லி' என்று தொலைபேசியில் விடை கூறுகிறோம். கேட்பவரும் நம்மைப் போன்றவரே ஆதலின் பொருள் விளங்கிவிடுகிறது. பிழை ஒன்று நேர்ந்ததாகவே எவருக்கும் தோன்றுவதில்லை. பேச்சோடு இது நின்றுவிடுமானால் இதைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுவதே இல்லை. கடிதத்தில் ஏறும்போதுதான் இச்சொல் தன் கைவரிசையைக் காட்டுகிறது. நாம் கருதியதற்கு நேர் மாறான பொருளைச் சில வேளைகளில் அது தந்துவிடுகிறது.

ஓர் இளைஞர் தலைநகரில் ஒரு காரியாலயத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பு உரிய காலத்தில் மேலிடம் போய்ச் சேரவில்லை. யாரிடம் தங்கிற்று என்று அதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்கிறார். இளைஞர்மீது குற்றமே இல்லை. அவர் வெள்ளிக்கிழமையே கோப்பை அனுப்பிவிட்டார். அடுத்த மேஜையில்தான் அது உறங்கிக் கிடந்தது. அவர் எழுதுகிறார்: 'ஐ ஸென்ட் தி ஃபைல் ஆன் ஃப்ரைடே ஓன்லி.' அவர் மனத்தில் ஓடிய தமிழ், 'வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன்' என்பது. ஆங்கில மரபை நன்கறிந்த அதிகாரி அதை எவ்வாறு படிப்பார்? 'வெள்ளிக்கிழமைதான் அனுப்பினேன், அதற்குமுன் அனுப்பவில்லை' என்றே படிப்பார். தம்மைக் காத்துக்கொள்ள எழுதிய வாக்கியமே தாமதத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகப் போய்விட்டது!

'வெள்ளிக்கிழமையே' என்றால் விரைவு. 'வெள்ளிக்கிழமைதான்' என்றால் தாமதம். தமிழ்க் குழந்தைக்கு இவ்வேற்றுமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டையும் ஒரே 'ஓன்லி'யில் போட்டு அடைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அச்சொல் நாளையோ நேரத்தையோ தழுவி நிற்குமானால் பெரும்பாலும் தாமதத்தையே உணர்த்தும். அந்த இளைஞர் 'ஐ ஸென்ட் தி ஃபைல் ஆஸ் எர்லி ஆஸ் ஃப்ரைடே' என்று எழுதியிருக்கலாம். 'ஓன்லி'யை விட்டுவிட்டு வெறும் நாளைக் குறிப்பிட்டிருந்தாலும் போதும். அந்த நாளே அவருக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். வாடகை கொடுத்த தேதியைப் பற்றி வீட்டுக்காரருக்கு எழுதுகிறவர்களும், விண்ணப்பம் சேர்த்த நாளைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதுகிறவர்களும் இதே பள்ளத்தில் கால் வைக்கக்கூடும்.

இப்பிழையின் வேர் நம் இலக்கணத்தில் இருக்கிறது. ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் கூறினார். நன்னூலார் இசைநிறையையும் கூட்டி ஆறு என்றார். அவற்றுள் இரண்டு மட்டும் இங்கே நமக்கு வேண்டியவை: பிரிநிலை, தேற்றம். 'ஐந்து பிள்ளைகளில் முருகனே பாடுவான்' என்றால், மற்ற நால்வரினின்றும் முருகனைப் பிரித்து நிறுத்துகிறோம், இது பிரிநிலை. 'அவர் நல்லவரே, ஐயமில்லை' என்றால், யாரையும் விலக்கவில்லை, சொன்னதை உறுதிப்படுத்துகிறோம், இது தேற்றம். நாம் பேச்சில் வழங்கும் 'தான்' என்பதும் இவ்விரு வேலைகளையும் செய்கிறது. ஆங்கில 'ஓன்லி'யோ பிரிநிலைக்கு மட்டும் உரியது. அதற்கு வேலி போடத் தெரியும். ஆணி அடிக்கத் தெரியாது. நாம் அதன் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, அடி என்கிறோம்.

சொல்லின் பிறப்பை நோக்கினாலும் இது விளங்கும். 'ஒன்று' என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது 'ஓன்லி'. அந்த எண்ணுப்பெயரை இன்று 'வன்' என்று ஒலிக்கிறார்கள், ஆயினும் 'ஓன்லி', 'அலோன்' ஆகிய சொற்களில் 'வ'கரம் புகவில்லை, ஓகாரமே நின்றுவிட்டது. ஒற்றைத் தன்மையே இதன் உயிர். ஒலி ஒத்திருக்கிறதே என்று கருதி நம் 'ஒன்று' என்னும் சொல்லோடு இதற்கு உறவு கொண்டாட முற்படுவோரும் உண்டு. அந்த ஆசை வேண்டா. அது தற்செயலான ஒப்புமை.

வெளியூரில் வாழும் நமக்கு இதில் மற்றொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியில் 'ஹீ', மராத்தியில் 'ச', குஜராத்தியில் 'ஜ', வங்காளியில் 'இ' என்று ஒவ்வொரு மொழியிலும் நம் ஏகாரத்தைப் போல ஓர் இடைச்சொல் உண்டு. அதுவும் பிரிநிலைக்கும் தேற்றத்துக்கும் பொதுவாகவே நிற்கிறது. ஆகவே தில்லியில் நம் குழந்தையோடு விளையாடும் பஞ்சாபிக் குழந்தையும், மும்பையில் அடுத்த வீட்டு மராத்திக் குழந்தையும் அதே இடத்தில் அதே 'ஓன்லி'யைப் போடுகிறார்கள். பிழை நான்கு திசையிலிருந்தும் வந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்கிறது. வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் எவரும் திருத்துவதில்லை. மொழியியலார் சிலர் இதைப் பிழை என்றே கொள்ளாமல், இந்திய ஆங்கிலத்துக்கே உரிய ஒரு வழக்கு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். பேச்சளவில் அவர்கள் கூற்றை நானும் ஏற்பேன். சாப்பாட்டு வேளையில் குழந்தை 'ஓன்லி' என்று சொன்னவுடன் இலக்கணம் பேசி அதன் வாயை அடைப்பது தகாது. ஆனால் நேர்முகத் தேர்விலும், வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதும் கடிதத்திலும், வழக்கறிஞருக்குத் தரும் வாக்குமூலத்திலும் நம் ஏகாரத்தை அறியாத ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேற்றப் பொருளை ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வது என்று கேட்கலாம். ஒரே சொல்லால் அல்ல. பல வழிகளால் சொல்கிறார்கள். 'அவர்தான் சொன்னார்' என்பதற்கு 'இட் வாஸ் ஹி ஹூ ஸெட் ஸோ' என்று வாக்கியத்தையே திருப்பி அமைப்பார்கள். 'இங்கேயே இருக்கிறேன்' என்பது 'ஐ ஆம் ரைட் ஹியர்' ஆகும். 'இப்போதே' என்பது 'ரைட் நவ்'. 'அவன் அப்படித்தான்' என்று அலுத்துக்கொள்ள 'தட் இஸ் ஹவ் ஹி இஸ்' என்பதே போதும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 'எழுதத்தான் எழுதினேன், பதில் வரவில்லை' என்கிறோமே, அதற்கு 'ஐ டிட் ரைட்' என்று துணைவினையைக் கொணர்ந்து நிறுத்துவார்கள். நாம் வினையை இரட்டித்துச் செய்யும் காரியத்தை அவர்கள் ஒரு 'டிட்' போட்டு முடித்துவிடுகிறார்கள். பேச்சிலோ குரலை அழுத்துவதே பெரும்பாலும் அவர்களுக்குப் போதுமானது. 'யெஸ்டர்டே இட்ஸெல்ஃப்', 'டுடே இட்ஸெல்ஃப்' என்பனவும் நம் ஏகாரத்துக்கு நாமே தைத்த சட்டைகள்தாம். ஆங்கிலேயர் நாட்பெயரோடு அச்சொல்லை இவ்வாறு ஒட்டுவதில்லை.

ஐயம் வந்தால் ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, அதன் பின் 'வேறு இல்லை' என்று சேர்த்துப் பாருங்கள். நீங்கள் கருதிய பொருளோடு அது இசைந்தால் 'ஓன்லி' வரலாம். 'என்னிடம் பத்து ரூபாய்தான் இருக்கிறது; வேறு இல்லை' என்பது இசைகிறது. 'அவன் அப்படித்தான்; வேறு எவரும் அப்படி இல்லை' என்பதோ நாம் கருதாத செய்தி. அங்கே 'ஓன்லி'க்கு இடமில்லை.

இனி, அச்சொல்லை எங்கே வைப்பது என்னும் கேள்வி. தமிழில் 'ஏ', 'தான்', 'மட்டும்' மூன்றும் தாம் தழுவும் சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் 'ஓன்லி' பெரும்பாலும் முன்னால் வரும். இவ்வேற்றுமையால்தான் நாம் அதை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். அப்பா காலையில் காபி குடிக்கிறார் என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோம்: 'ஃபாதர் டிரிங்க்ஸ் காஃபி இன் தி மார்னிங்.' தலையில் 'ஓன்லி'யை வைத்தால் அப்பா மட்டும் குடிக்கிறார். மற்றவர்களுக்குக் காலையில் காபி இல்லை. 'காஃபி'க்கு முன் வைத்தால் காலையில் அவர் குடிப்பது காபி ஒன்றே. பாலும் இல்லை, மோரும் இல்லை. 'இன் தி மார்னிங்' என்பதற்கு முன் வைத்தால் மாலைக் காபி கிடையாது. 'டிரிங்க்ஸ்' என்பதற்கு முன் வைத்து, எழுத்துக்கு எழுத்து பொருள் கொண்டால், அவர் குடிக்க மட்டும் செய்கிறார்; காபி போடுவதும் டம்ளர் கழுவுவதும் பிறர் பாடு. பல வீடுகளில் நான்கனுள் இதுவே மெய்யான வாக்கியம் என்று தாய்மார்கள் கூறுவார்கள்!

ஆங்கிலேயர்கள் எல்லாரும் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறார்களா என்றால், இல்லை. வினைக்கு முன்னால் 'ஓன்லி'யை வைத்துவிட்டு, அது எதைத் தழுவுகிறது என்பதைக் குரலாலும் இடத்தாலும் உணர்த்துவது அவர்களுடைய இயல்பான வழக்கு. ஃபௌலர் என்பவர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இதைக் குறித்து விரிவாக எழுதி, இயல்பான வழக்கைக் கண்டு முகம் சுளிக்கும் பண்டிதர்களைக் கண்டித்திருக்கிறார். அவர் சொன்னது நியாயமே. ஆயினும் கடிதத்துக்குக் குரல் இல்லை. அம்மொழி தாய்மொழியாக இல்லாத நாம், எழுதும்போது 'ஓன்லி'யை அது தழுவும் சொல்லின் பக்கத்திலேயே அமர்த்துவது பாதுகாப்பானது.

மணமகன், மணமகள் தேடி விளம்பரம் கொடுக்கும் குடும்பத்தார் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். 'ஓன்லி சைல்ட்' என்றால் உடன்பிறந்தார் எவரும் இல்லை. 'ஓன்லி டாட்டர்' என்றால் பெண் ஒருத்தியே. அண்ணன் தம்பியர் இருக்கக்கூடும். 'ஓன்லி எ டாட்டர்' என்று நடுவே ஓர் ஒற்றை எழுத்து புகுந்துவிட்டாலோ, 'வெறும் பெண்தானே' என்று இழிவு தொனிக்கும். அண்ணன்மார் இருவர் உள்ள பெண்ணை 'ஓன்லி சைல்ட்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டுப் பிறகு சம்பந்தியிடம் விளக்கம் சொல்ல நேர்ந்தால் எவ்வளவு சங்கடம்!

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். 'ஓன்லி கிராஜுவேட்ஸ் வில் பி கால்ட்' என்று ஒரு விளம்பரம் கண்டால், பட்டதாரிகள் எல்லாரையும் அழைப்பார்கள் என்று பொருள் அன்று. பட்டம் பெறாதவரை அழைக்க மாட்டார்கள் என்பது மட்டுமே பொருள். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை உணராமல், அழைப்பு வரவில்லையே என்று ஏமாந்து நிற்போர் பலர். 'ஓன்லி இஃப்' என்பது நிபந்தனை; அதையே புரட்டி 'இஃப் ஓன்லி' என்றால் ஏக்கப் பெருமூச்சு. 'ஓன்லி இஃப் ஹி கம்ஸ்' என்பது 'அவர் வந்தால்தான்'. 'இஃப் ஓன்லி ஹி ஹாட் கம்' என்பது 'அவர் வந்திருக்கக் கூடாதா!'

வாக்கியத்தின் கடைசியில் 'ஓன்லி' சரியாகவே நிற்கும் இடங்களும் உண்டு. ரயில்பெட்டியில் 'லேடீஸ் ஓன்லி' என்னும் பலகை ஒன்று. மற்றொன்று, நாம் கையெழுத்திடும் செக். அதில் தொகையை எழுத்தால் எழுதி, முடிவில் 'ஓன்லி' என்று போடுகிறோம். தமிழில் எழுதினால் 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்' என்போம். இது அழுத்தத்துக்காகப் போடுவது அன்று. தொகைக்குப் பின்னால் வேறொரு கை வேறொரு சொல்லைச் சேர்க்காதபடி போட்ட வேலி. ஆகையால் தொகைக்கும் அச்சொல்லுக்கும் இடையே வெற்றிடம் விடலாகாது. மிஞ்சிய இடத்தில் ஒரு கோடும் இழுத்துவிட வேண்டும். செக்கின் இடது மூலையில் இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயீ ஓன்லி' என்று எழுதுகிறோமே, அங்கும் அதே வேலிதான்: குறித்த பெயருடையவரின் கணக்கில் சேர்க்கலாம், கவுண்ட்டரில் ரொக்கமாகக் கொடுக்கலாகாது. அடுத்த முறை செக் எழுதும்போது பிள்ளைகளை அருகில் அழைத்து, அவ்விரண்டு இடத்திலும் அச்சொல் யாரை, எதை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள்.