மருத்துவமனைக்கு வரும் தையல் பை

நெடுநாள் சிகிச்சையில் நோயாளி காத்திருப்பதைப் போலவே உடனிருப்பவரும் காத்திருக்கிறார். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருவோர், பரிசோதனை முடிவு வரும்வரையிலும் மருந்து ஏறி முடியும்வரையிலும் பல மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது. பழைய பருத்திப் புடவைகளையும் சுங்குடித் துண்டுகளையும் இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது, அந்நேரத்தில் மனத்திற்கும் விரல்களுக்கும் நல்ல துணையாகும்.

துண்டுகளை ஒரே அளவாக வெட்டப் பலர் கட்டம் அச்சிட்ட கட்டிங் மேட்டையும், 1979ஆம் ஆண்டு ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்திய ரோட்டரி கட்டரையும் பயன்படுத்துகின்றனர். 60 × 90 செ.மீ. அளவுள்ள மேட் வீட்டு மேசைக்குப் பொருந்தும். பேருந்துப் பயணத்திற்கும் மருத்துவமனை நாற்காலிக்கும் பொருந்தாது. ஆகவே அதைச் சிறிதாக்கிக் கொண்டுவரும் முறையையும், வார்டில் காக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வீட்டிலேயே சிறிதாக்குதல்

45 × 60 செ.மீ. மேட்டை நான்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 22.5 × 30 செ.மீ. அளவில் அமையும், சாதாரணத் துணிப்பையில் அடங்கிவிடும். அடியில் பழைய பலகையோ தடித்த அட்டையோ வைத்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, உறுதியான பேப்பர் கட்டரால் ஒரே கோட்டில் மெதுவாகப் பலமுறை கீறுங்கள். ஒரே இழுப்பில் அறுக்க முயன்றால் கத்தி வழுக்கிக் கையை வெட்டக்கூடும். பாதி ஆழம் இறங்கிய பின் மேட்டை அக்கோட்டில் மடித்து, எஞ்சியதை அறுக்கலாம். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். இதற்கு ரோட்டரி கட்டரைப் பயன்படுத்த வேண்டா. அதன் பிளேடு மழுங்கிவிடும்.

வெயிலில் காத்தல்

மேட் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பத்தில் இளகி வளையும். வளைந்ததைச் சமப்படுத்துவது கடினம். மதுரையின் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லலாகாது. சூடான காப்பி தம்ளரையும் இஸ்திரிப் பெட்டியையும் அதன்மேல் வைக்கலாகாது. சுருட்டாமலும் சாய்த்து நிறுத்தாமலும், இரு அட்டைகளுக்கு நடுவில் படுக்கையாக வைத்துக் கொண்டுவாருங்கள். அழுக்கானால் சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

விமானத்தில் வருவோர் பிளேடுகளைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தின் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் உறையிட்டு வைக்க வேண்டும்.

மேட்டைவிடப் பிளேடே முக்கியம்

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. புற்றுநோய் மருந்தால் தட்டணுக்களோ வெள்ளணுக்களோ குறைந்தோருக்கு வெட்டுக்காயம் கடும் இரத்தக்கசிவையும் நோய்த்தொற்றையும் உண்டாக்கலாம். நீரிழிவால் விரல் மரத்தவர்கள் காயம் பட்டதையே உணராதிருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்ட கையையும், டயாலிசிஸ் ஃபிஸ்துலா உள்ள கையையும் தனிக்கவனத்துடன் காக்க வேண்டும். இந்நிலையிலுள்ளோர் வெட்டும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்து, ஊசி பிடிக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

ஆகவே எங்கள் முதன்மையான பரிந்துரை இதுவே: துண்டுகளை வீட்டில் வெட்டி, எண்ணி, உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள். மருத்துவமனையில் தைத்தல் மட்டும் நிகழட்டும். சிறிய மேட், துண்டுகளை அடுக்கிப் பார்க்கவும் மடிமீது தளமாகவும் உதவும். வெட்டியே ஆக வேண்டுமெனில், முதலில் செவிலியரின் இசைவைப் பெறுங்கள்; நோயாளியின் கட்டிலில் ஒருபோதும் வெட்டாதீர்கள்; ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பிளேடை மூடுங்கள்.

ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஊசி, கத்தரி, காந்தம் எதுவும் செல்லலாகாது. தையல் பையை வெளியிலேயே விட்டுச் செல்லுங்கள். தேய்ந்த பிளேடைக் குப்பைக்கூடையில் இட்டால் துப்புரவுப் பணியாளரின் கை அறுபடும். மூடியுள்ள தகரடப்பாவில் இட்டு வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள்.

கைக்கேற்ற கருவி

மூட்டுவாதத்தால் விரல் மடங்காதோர் தையல் தமக்கு இயலாதென்று கைவிட வேண்டியதில்லை. மதுரையில் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்களை முடக்குவாதம் கோணச் செய்திருந்தது. தம் கைக்கேற்ற கருவிகளைக் கொண்டு பயின்று, அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். தடித்த பிடியுள்ள கத்தரி, பெரிய காதுள்ள ஊசி, நழுவாத சிறிய மேட் ஆகியவை பலருக்குத் தையலை மீட்டுத் தரும். எது பொருந்துமென்று இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை வருகையில் பையில் இவை போதும்: வெட்டிய துண்டுகள், நூல், எண்ணிய ஊசிகள், மழுங்கிய முனையுள்ள சிறு கத்தரி, ஒரு கால்பங்கு மேட். பெரிய மேட்டும் ரோட்டரி கட்டரும் வீட்டிலேயே இருக்கட்டும்.