ஒரு 'லைட்'டுக்கு எத்தனை பொருள்?

'லைட்' என்று அச்சிட்ட சரக்குகள் இன்று மளிகைக் கடைகளில் பெருகிவிட்டன. "லைட் சோயா சாஸ் என்றால் உப்பு குறைவுதானே?" என்று வாடிக்கையாளர் கேட்டால், நம்மில் பலர் ஆமாம் என்று சொல்லிவிடுவோம். அது தவறான பதில். ஏன் என்பதை, அந்த சாஸ் பிறந்த நாட்டின் மொழியைக் கொண்டே பார்ப்போம்.

ஆங்கிலத்தில் எடை குறைந்த பெட்டியும் லைட், வெளிர் நிறமும் லைட், வெளிச்சமான அறையும் லைட், காரசாரம் இல்லாத உணவும் லைட். சீன மொழியிலோ ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. எடைக்கு 'ச்சிங்'. நிறத்துக்கு 'ச்சியென்', ஆழமில்லாத தண்ணீருக்கும் இதே சொல்தான். வெளிச்சத்துக்கு 'லியாங்'. சுவைக்கு 'தான்', வியாபாரம் மந்தமான பருவத்தையும் அவர்கள் 'தான் ஜி' என்பார்கள். ஆகவே ஆங்கிலம் பயிலும் சீனர், 'லைட்' என்ற சொல்லை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்தப் பொருளுடன் சேர்ந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி சாஸுக்கு வருவோம். சீனர்கள் இதை 'ஷெங் சோ', 'லாவ் சோ' என்று பிரிக்கிறார்கள். 'ஷெங்' என்றால் பச்சையானது, 'லாவ்' என்றால் முதிர்ந்தது. மேலே சொன்ன நான்கு சொற்களில் ஒன்றுகூட இப்பெயர்களில் இல்லை. ஆங்கிலத்தில்தான் நிறத்தை வைத்து லைட், டார்க் என்று பெயரிட்டார்கள். லைட் வகை நீர்த்தது; உப்புச் சுவைக்காகச் சேர்ப்பது. டார்க் வகை கெட்டியானது, நிறத்துக்காகச் சேர்ப்பது. பெரும்பாலும் லைட் வகையில்தான் உப்புக் கரிப்பு அதிகம்!

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தக்காரர் ஒருவருக்கு நாம் 'லைட்' பாட்டிலைத் தைரியமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'லைட்' ஆலிவ் எண்ணெயும் இப்படித்தான். நிறமும் மணமும் குறைவே தவிர, கொழுப்பு குறைவதில்லை.

எனவே, உப்பு குறைந்த சாஸ் கேட்பவருக்கு, சோடியம் குறைக்கப்பட்டது என்று தெளிவாக அச்சிட்ட பாட்டிலையே எடுத்துக் கொடுப்போம். பின்புற அட்டவணையில் சோடியம் அளவையும் காட்டுவோம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.