இல்லாத வார்த்தைக்கு விடை சொன்ன பிங்... கூகுள் விரித்த வலையில் சிக்கியது யார்?

பத்தே பத்து ஆங்கில எழுத்துகள். குத்துமதிப்பாக 'ஹிய்ப்பர்காக்' என்று படிக்கலாம். எந்த அகராதியிலும் இல்லாத, எந்த அர்த்தமும் இல்லாத சொல். ஆனால், மைக்ரோசாஃப்டின் 'பிங்' தேடுபொறியில் அதைத் தட்டினால், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள ஓர் அரங்கத்தின் இருக்கை வரைபடம் முதல் விடையாக வந்து நின்றது. ஆண்டு 2010, டிசம்பர் மாதம் முடிகிற நேரம்.

அந்தச் சொல்லுக்கும் அந்த அரங்கத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டது கூகுள். போட்டி நிறுவனம் தன்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறதா என்று கண்டுபிடிக்க, அது வேண்டுமென்றே வைத்த பொறி அது!

கண் ஆபரேஷனில் தொடங்கிய சந்தேகம்

'டார்சோரஃபி' என்பது கண் இமைகளைத் தைத்து மூடும் அறுவை சிகிச்சை. கருவிழியைப் பாதுகாக்கச் செய்வது. அபூர்வமான இந்தச் சொல்லை ஒருவர் எழுத்துப்பிழையோடு கூகுளில் தேடினார். கூகுள் பிழையைத் திருத்தி, சரியான சொல்லுக்கான பக்கங்களைக் காட்டியது. அதில் ஆச்சரியம் இல்லை. எழுத்துப்பிழை திருத்தம் அதன் பொறியாளர்கள் பல வருடம் உழைத்துச் செய்த விஷயம்.

ஆச்சரியம் பிங்கில் இருந்தது. அங்கே பிழை திருத்தப்படவில்லை. ஆனாலும், கூகுள் முதலில் காட்டிய அதே பக்கம் வந்தது. சொல் தப்பு என்றே தெரியாத பிங்குக்குச் சரியான விடை மட்டும் எப்படித் தெரிந்தது?

பரீட்சையில் பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதுபவன், வழிமுறையே இல்லாமல் விடையை மட்டும் எழுதி வைப்பான் அல்லவா? அப்படித்தான் கூகுளுக்குத் தோன்றியது.

20 லேப்டாப், 100 சொற்கள்

கூகுள் சுமார் 100 அர்த்தமற்ற சொற்களை உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தைத் தன் பட்டியலில் கைமுறையாக முதலிடத்தில் வைத்தது. பிறகு, தன் பொறியாளர்கள் 20 பேரிடம் புது விண்டோஸ் போட்ட லேப்டாப்களைக் கொடுத்தது. அவற்றில் மைக்ரோசாஃப்டின் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8' பிரவுசரும், பிங் டூல்பாரும் இருந்தன. 'வீட்டிலிருந்து இந்தச் சொற்களை கூகுளில் தேடுங்கள். முதலில் வரும் பக்கத்தை க்ளிக் செய்யுங்கள்' என்பதுதான் வேலை.

டிசம்பர் 17-ல் சோதனை தொடங்கியது. மாதம் முடிவதற்குள்ளேயே அந்தப் பொய் விடைகளில் சில பிங்கில் தலைகாட்டத் தொடங்கின. மொத்தத்தில் 100 சொற்களில் 7 முதல் 9 சொற்கள் மாட்டின.

2011 பிப்ரவரி 1 அன்று, தேடுபொறித் துறையைக் கவனித்து எழுதும் டேனி சல்லிவன் என்ற பத்திரிகையாளர் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். கூகுளின் தேடல் பிரிவில் முக்கியப் பொறுப்பில் இருந்த அமித் சிங்கால், 'பிங் எங்கள் முடிவுகளைப் பயன்படுத்துகிறது' என்று வெளிப்படையாகவே எழுதினார். அன்றே சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் கூகுளின் மேட் கட்ஸும், பிங்கின் ஹாரி ஷம்மும் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை சூடானதைச் சொல்லவும் வேண்டுமா?

'காப்பி இல்லை, கவனிப்பு!'

மைக்ரோசாஃப்ட் தரப்பு இப்படிப் பதில் சொன்னது: 'ஒரு பக்கத்தை எந்த இடத்தில் காட்டுவது என்று முடிவு செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைப் பார்க்கிறோம். அவற்றில் ஒன்று, சம்மதம் தெரிவித்த வாடிக்கையாளர்கள் இணையத்தில் எதை க்ளிக் செய்கிறார்கள் என்பது. கூகுளின் பக்கத்தை நாங்கள் காப்பி அடிக்கவில்லை.' மறுநாள் இன்னும் ஒரு படி மேலே போய், பொய் க்ளிக்குகளைக் கொடுத்துத் தங்களை ஏமாற்றியதே கூகுள்தான் என்று திருப்பித் தாக்கியது.

இதை நம் கடைத்தெருவில் வைத்துப் பார்ப்போம். ஒரு ஊரில் பேர்போன ஜவுளிக்கடை. எதிரே புதிதாக இன்னொரு கடை. புதுக் கடைக்காரர் ராத்திரியில் பழைய கடைக்குள் புகுந்து கணக்கு நோட்டைப் படம் பிடித்தால் அது திருட்டு. ஆனால், தெருவில் நின்றுகொண்டு, 'மக்கள் எந்தப் புடவையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்?' என்று பார்த்துத் தன் கடையில் அதே ரகத்தை அடுக்கினால்? அது வியாபாரம்.

பிங் செய்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அது கூகுள் கடைக்குள் நுழையவில்லை. ஆனால், கடைக்குள் போன வாடிக்கையாளரின் சட்டைப்பையில் அதன் ஆள் இருந்தார்! யார் எந்தச் சொல்லைத் தட்டினார், அடுத்து எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது டூல்பார் வழியாகவும் பிரவுசர் வழியாகவும் போய்ச் சேர்ந்தது.

பொறியில் 7 முதல் 9 சொற்கள்தான் சிக்கின என்பதிலும் ஒரு விளக்கம் இருக்கிறது. 'தோசை மாவு அரைப்பது எப்படி' என்று தேடினால், பார்ப்பதற்கு ஆயிரம் குறிப்புகள் உண்டு. அங்கே ஒருவரின் க்ளிக்குக்குப் பெரிய மதிப்பு இல்லை. உலகில் யாருமே தேடாத சொல்லுக்கோ வேறு எந்தக் குறிப்பும் இல்லை. அந்த ஒரு க்ளிக்தான் ஒரே சாட்சி. அதனால் பிங்கின் எல்லா விடைகளும் கூகுளைப் பார்த்து எழுதியவை என்று இந்தச் சோதனை காட்டவில்லை. அபூர்வமான சொற்களில் கூகுளின் உழைப்பு பிங்கில் கசிந்தது என்பதைக் காட்டியது. டார்சோரஃபி தேடிய நோயாளியை நினைத்துப் பார்த்தால், அதுவும் சின்ன விஷயம் இல்லை.

நாலு பொய் நம்பர்கள்

இப்படிப் பொறி வைப்பது கணினிக் காலத்துக்கு முந்தைய தந்திரம். வரைபடம் தயாரிப்பவர்கள் இல்லாத தெருவை வரைந்து வைப்பதுண்டு. அந்தத் தெரு இன்னொருவர் வரைபடத்தில் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 'ரூரல் டெலிபோன் சர்வீஸ்' என்ற நிறுவனம் தன் டெலிபோன் டைரக்டரியில் நான்கு பொய்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தது. 'ஃபைஸ்ட்' என்ற பதிப்பகம் வெளியிட்ட டைரக்டரியில் அந்த நான்கும் அப்படியே வந்தன. காப்பி அடித்தது நிரூபணம் ஆனது. ஆனால், 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது! பெயர், ஊர், நம்பர் ஆகியவை வெறும் தகவல்கள். கஷ்டப்பட்டுச் சேகரித்தார் என்பதற்காக மட்டுமே ஒரு தகவல் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது என்றது நீதிமன்றம்.

எந்தப் பக்கம் முதலில் வரவேண்டும் என்று கணிப்பது, பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது போல எளிதானது அல்ல. அதனால் அந்தத் தீர்ப்பை இங்கே அப்படியே பொருத்த முடியாது. கூகுளும் பிங் மீது வழக்குப் போடவில்லை. ஊரறியச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது.

காட்சி மாறியது

பதின்மூன்று வருடங்கள் கழித்து, 2024 ஆகஸ்ட்டில் கூகுள் குற்றவாளிக் கூண்டில் நின்றது. இணையத் தேடலில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வருகிறது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக, 2021-ல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. மற்ற எல்லாத் தேடுபொறிகளுக்கும் சேர்த்து வரும் கேள்விகளைப் போல ஒன்பது மடங்கு கூகுளுக்கு வருகிறது. மொபைலில் பத்தொன்பது மடங்கு என்றது தீர்ப்பு.

கேள்விகள் கூடக்கூட க்ளிக்குகள் கூடும். க்ளிக்குகள் கூடினால் விடை மெருகேறும். விடை நன்றாக இருந்தால் இன்னும் கூட்டம் வரும். எதிர்க்கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தச் சக்கரத்துக்குள் நுழைவது கடினம்.

அதனால் 2025 செப்டம்பரில் அதே நீதிபதி, கூகுள் தன் தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுடன் பகிர வேண்டும் என்று உத்தரவிட்டார். மக்கள் எப்படித் தேடுகிறார்கள், எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விவரமும் அதில் அடக்கம். ஐரோப்பிய யூனியனின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்திலும் இதுபோன்ற விதி இருக்கிறது. 2011-ல் எந்த க்ளிக் விவரத்தை பிங் பயன்படுத்தியது தவறு என்று கூகுள் கொதித்ததோ, அதே வகை விவரத்தை இப்போது அதுவே பகிர வேண்டிய நிலை!

பழைய தந்திரமும் ஓய்ந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் ரெடிட் நிறுவனம், சென்னையைச் சேர்ந்த அரவிந்த் ஸ்ரீனிவாஸ் நடத்தும் 'பெர்ப்ளெக்ஸிட்டி' என்ற ஏ.ஐ. தேடல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. கூகுள் தேடல் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு சோதனைப் பதிவைப் போட்டோம். சில மணி நேரத்தில் அது பெர்ப்ளெக்ஸிட்டியின் விடையில் வந்தது என்கிறது ரெடிட். பெர்ப்ளெக்ஸிட்டி குற்றச்சாட்டை மறுத்தது.

க்ளிக் யாருடையது?

'என் உழைப்பு' என்றது கூகுள். 'எங்கள் வாடிக்கையாளர் தந்த தகவல்' என்றது மைக்ரோசாஃப்ட். இரண்டு பேரும் வசதியாக மறந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. தேடியவர்!

நோயின் பெயர், கடன் கணக்கு, பிள்ளையின் படிப்பு, வரன் விசாரிப்பு என்று மனிதர்கள் வெளியே சொல்லத் தயங்குவதையெல்லாம் தேடுபொறியிடம்தான் கேட்கிறார்கள். 2011-ல் அந்தச் சம்மதம் வாங்கப்பட்டது, பிரவுசரும் டூல்பாரும் கேட்ட அனுமதிக் கேள்விகளில். படிக்காமல் 'சரி' கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் கூகுளில் தேடுவது மைக்ரோசாஃப்டுக்குப் போகும் என்று புரிந்திருக்கும்? ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வது போட்டியில் நியாயமே. அதனால் தேடுபவருக்கு லாபம்கூட உண்டு. தேடுபவருக்கே தெரியாமல் கற்றுக்கொள்வதுதான் அநியாயம்.

இன்றும் அந்தச் சம்மதம் அமைப்புகள் பக்கத்தில்தான் இருக்கிறது. மொபைல் குரோமில் 'செட்டிங்ஸ்' போய் 'கூகுள் சர்வீசஸ்' பகுதியைத் திறந்தால், 'மேக் சர்ச்சஸ் அண்ட் பிரவுசிங் பெட்டர்' என்ற வரி இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், நீங்கள் பார்க்கும் பக்கங்களின் முகவரி கூகுளுக்குப் போகும். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் 'பிரைவசி' பகுதியில், இணையத் தேடல் முடிவுகளை அனுப்பி மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளை மேம்படுத்த உதவலாமா என்று கேட்கும் வரி இருக்கும். ஆன் செய்வதா, ஆஃப் செய்வதா என்பது உங்கள் விருப்பம். ஆனால், அதைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.