கண்ணீரில் முடியும் கதைகள்

கதையைக் கண்ணீரில் முடிக்கும் ஆசிரியர் மீது வாசகர் கொள்ளும் கோபம் புதியதன்று. “இத்தனை நாள் நம்மோடு பழகியவளைக் கடைசி அத்தியாயத்தில் சாகடித்துவிட்டாரே! இதற்காகவா இரவெல்லாம் கண்விழித்துப் படித்தோம்?” என்பார் ஒருவர். “வாழ்க்கையில் எல்லாம் மங்களமாகவா முடிகிறது? உள்ளதை உள்ளபடி எழுதியதே அவர் பெருமை” என்பார் மற்றொருவர். நம் சங்கத்து அன்பர்கள் நூல்களை இரவல் கொடுத்து வாங்கும் போதெல்லாம் இவ்வழக்கு எழுவதைக் காண்கிறோம். இவ்வழக்கு மிகக் கடுமையாக நடந்த நாடும் காலமும் உண்டு. விக்டோரியா அரசியார் ஆண்ட, 1837 முதல் 1901 வரையிலான இங்கிலாந்தே அது. அங்கே இரு தரப்பாரும் கூறியவற்றை ஆராய்ந்து பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

அக்காலத்து நாவல்கள் பல, முதலில் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் சிறு பகுதிகளாக வெளிவந்தன. முழு நூலாக வரும்போது மூன்று பாகங்களாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் வருவதே வழக்கம். அவ்விலை கொடுத்து வாங்க வல்லவர் சிலரே. ஆகவே, மூடி என்பவர் 1842-ல் தொடங்கிய வாடகை நூலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தி இரவல் பெற்றுப் படித்தோர் மிகப் பலர். 1848-ல் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ஸ்மித் நிறுவனத்தாரின் புத்தகக் கடை திறக்கப்பட்டது. அதன்பின் ரயில் பயணத்தில் படிக்கும் பழக்கமும் பரவிற்று. ரயில்வே ஊழியம் செய்யும் நமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இவ்வாறு பகுதி பகுதியாகப் படித்தவர்கள் கதாபாத்திரங்களோடு ஓராண்டு, ஈராண்டு கூடவே வாழ்ந்தார்கள். அடுத்த வாரம் அவளுக்கு என்ன நேருமோ என்று குடும்பத்தோடு கவலைப்பட்டார்கள். அத்தகையவர்களுக்குக் கதையில் நேரும் மரணம் வெறும் கதையாகுமா?

சார்லஸ் டிக்கன்ஸ் 1840, 1841 ஆண்டுகளில் எழுதிய ‘ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ என்னும் நாவலில் நெல் என்றொரு சிறுமி வருகிறாள். சூதாட்டத்தால் வீட்டை இழந்த பாட்டனாரைக் கைப்பிடித்து ஊர் ஊராக அழைத்துச் செல்பவள். அவள் உயிருக்கு ஆபத்து என்று குறிப்பால் உணர்ந்ததும், அவளைக் காப்பாற்றுமாறு வேண்டி டிக்கன்ஸுக்குக் கடிதங்கள் குவிந்தன. புகழ்பெற்ற நடிகரான மாக்ரெடி என்ற நண்பரும் அவ்வாறே வேண்டிக்கொண்டார். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் தம் மூன்று வயதுப் பெண்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். ஆயினும் நெல் இறந்தாள். அயர்லாந்துத் தலைவர் டானியல் ஓகானல் ரயிலில் இப்பகுதியைப் படித்துவிட்டு, கண்ணீர் பெருக, புத்தகத்தைச் சன்னல் வழியே வீசி எறிந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

டிக்கன்ஸ் கல்நெஞ்சரல்லர். 1837-ல் அவர் மனைவியின் தங்கை மேரி பதினேழே வயதில் திடீரென இறந்தாள். நெல்லின் மரணத்தை எழுதுகையில் அப்பழைய புண் மீண்டும் திறந்ததாக அவரே நண்பருக்கு எழுதினார். ஆசிரியர் தம் துயரை ஆற்றிக்கொள்ள எழுதிய அதே பகுதி, மாக்ரெடியின் ஆறாத துயரைக் கிளறிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, நெல்லின் மரணத்தைப் படித்துச் சிரிக்காதிருக்கக் கல்நெஞ்சம் வேண்டும் என்று ஆஸ்கார் வைல்ட் கேலி செய்ததாகச் சொல்வார்கள். பாட்டனார் அழுத இடத்தில் பேரன் சிரித்தான்!

இருபதாண்டுகளுக்குப் பின் டிக்கன்ஸே எதிர்த்திசையில் சென்றார். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. கொல்லுலையில் வளர்ந்த ஏழைச் சிறுவன் பிப், எஸ்டெல்லா என்னும் செருக்குமிக்க பெண்ணிடம் வாழ்நாளெல்லாம் மனத்தைப் பறிகொடுத்து வாடுகிறான். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், கொடிய கணவனை இழந்த எஸ்டெல்லா ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொள்கிறாள். லண்டன் வீதியில் பிப்பை எதிர்பாராது சந்திக்கிறாள். அவனுடன் நிற்கும் கொல்லர் ஜோவின் குழந்தையை அவனுடைய குழந்தை என்றே எண்ணி முத்தமிட்டுப் பிரிகிறாள். அவ்வளவே.

அச்சுப்படியைப் படித்த புல்வர் லிட்டன் என்னும் நாவலாசிரியர், இம்முடிவு வேண்டாம் என்றார். 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்த லிட்டன் பிரபு இவருடைய மகனே. நண்பரின் சொல்லுக்கு இணங்கி டிக்கன்ஸ் முடிவை மாற்றினார். புதிய முடிவில் இருவரும் பாழடைந்த பழைய தோட்டத்தில் சந்தித்துக் கைகோத்து வெளியேறுகிறார்கள். 1870-ல் டிக்கன்ஸ் மறைந்தார். அவருடைய வரலாற்றை எழுதிய ஃபார்ஸ்டர் 1874-ல் முதல் முடிவை வெளியிட்டு, கதையின் போக்குக்கு அதுவே பொருத்தம் என்று கருத்துரைத்தார். பெர்னார்ட் ஷாவும் 1937-ல் தாம் முன்னுரை எழுதிய பதிப்பில் அம்முடிவையே சேர்ப்பித்தார். இன்று பல பதிப்புகளில் இரண்டும் காணப்படுகின்றன.

அதே புல்வர் லிட்டன் முந்தைய ஆண்டில் மற்றொரு நாவலையும் குறை கூறியிருந்தார். அது 1860-ல் வெளிவந்த ஜார்ஜ் எலியட்டின் ‘மில் ஆன் தி ஃப்ளாஸ்’. பிணங்கி வாழ்ந்த அண்ணன் டாமும் தங்கை மாகியும் பெருவெள்ளத்தில் ஒருவரையொருவர் தழுவியவாறே மூழ்கிப்போகிறார்கள். இத்துயர முடிவுக்குக் கதை போதிய அளவு ஆயத்தம் செய்யவில்லை என்றார் லிட்டன். எலியட் அம்மையார் அதை மறுக்கவில்லை. சகோதரர்களின் இளமைப் பருவத்தை ஆசை தீர எழுதியதில் கடைசிப் பாகம் சுருங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. நல்ல வாசகர் வெறுப்பது துயரத்தையன்று. விதை காணாமல் திடீரென முளைத்து நிற்கும் துயரத்தையே வெறுக்கிறார்.

ஷார்லட் பிராண்டி அம்மையாரின் செய்தி நெஞ்சை உருக்குவது. 1848, 1849 ஆண்டுகளில் ஒன்பது மாதத்துக்குள் தம்பியையும் இரு தங்கையரையும் இழந்தவர் அவர். முதிய தந்தையாரோடு தனித்து வாழ்ந்து 1853-ல் ‘வில்லட்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதன் நாயகி, கடல் கடந்து சென்ற காதலனுக்காக மூன்றாண்டுகள் காத்திருக்கிறாள். அவன் கப்பலேறித் திரும்புகையில் புயல் வீசுகிறது. மனத்தில் துயரம் தங்கச் செய்யும் நாவல்கள் தந்தையாருக்குப் பிடிப்பதில்லை. மங்களமாக முடிக்கவேண்டும் என்று மகளைக் கேட்டுக்கொண்டார். மகளோ, அவன் இறப்பதாகவே கதையை நினைத்திருந்தார். அதை மாற்ற அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே, புயலைச் சொல்லி, மரணத்தைச் சொல்லாமல், மகிழ விரும்புவோர் மகிழட்டும் என்று மறைபொருளாக முடித்தார். பெற்ற பிள்ளைகளில் ஒருத்தியைத் தவிர அனைவரையும் புதைத்த கிழவர், கதையிலாவது ஒருவன் கரை சேரட்டும் என்று கேட்டதில் தவறு காண யாருக்கு மனம் வரும்? உண்மையை விட்டுக்கொடாத மகளையும் நாம் எவ்வாறு பழிப்பது?

தாமஸ் ஹார்டியின் காலத்தில் வழக்கு இன்னும் முற்றியது. 1891-ல் வந்த ‘டெஸ்’ நாவலில், ஆடவனால் கெடுக்கப்பட்ட ஏழைப் பெண் கடைசியில் அவனைக் கொன்று தூக்கு மேடை ஏறுகிறாள். விருந்துகளில் இதுபற்றிச் சண்டைகள் மூண்டன. அபர்கார்ன் சீமாட்டியார், டெஸ் தண்டனைக்குரியவளா, இரங்கத் தக்கவளா என்று கேட்டு, விடையைக் கொண்டே தம் நண்பர்களை இருவகையாகப் பிரித்ததாக ஹார்டியிடம் கூறினாராம். கதையின் முடிவைப் பற்றிப் பேசுகிறோம் என்று எண்ணிப் பேசியவர்கள், பெண்ணுக்கு உலகம் இழைக்கும் அநீதியைப் பற்றியே பேசினார்கள்.

அதே ஹார்டி, 1878-ல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்’ நாவலின் இறுதியில் ஒரு திருமணத்தை நடத்திவைத்தார். 1912-ம் ஆண்டுப் பதிப்பில், தாம் முதலில் கருதியது அதுவன்று, தொடர்கதை வெளியீட்டின் நிலைமைகளால் மாற்ற நேர்ந்தது, வாசகர் இரண்டில் விரும்பியதைக் கொள்ளலாம் என்று அடிக்குறிப்பு எழுதினார்.

இவற்றையெல்லாம் எண்ணுகையில், சோகத்தை விரும்புவோர், வெறுப்போர் என்று வாசகரில் இரு சாதி இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒரே வாசகர் ஒரு காலத்தில் ஒரு தரப்பிலும் மறுகாலத்தில் மறு தரப்பிலும் நிற்கிறார். புதுத் துயரில் இருப்பவருக்குக் கதையின் மரணம் வெந்த புண்ணில் வேல். அவரிடம் சென்று இலக்கியத்தின் உயர்வைப் பேசுவது இரக்கமற்ற செயல். ஆனால், துயரை உள்ளே பூட்டி வைத்து நெடுநாளானவருக்கு அக்கதையே திறவுகோலாகிறது.

சொந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம் குடும்பங்களில், தாயின் கடைசி மூச்சுக்கு அருகே இருக்கக் கொடுத்து வைக்காதவர் எத்தனை பேர்! லீவு கிடைத்து, ரயிலேறி, இரண்டு இரவு கழித்துப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். திரும்பி வந்து மறுநாளே வேலையில் அமர்ந்திருப்பார்கள். உரிய நேரத்தில் அழாத அழுகை எங்கே போகும்? யாரோ ஓர் ஆங்கில ஆசிரியர் எந்தக் காலத்திலோ எழுதிய கதையில், முன்பின் அறியாத ஒரு சிறுமியின் படுக்கையருகே அது வெளிப்பட்டால், அக்கதை வீணன்று.

ஆகையால், வாசகரைக் குளிர்விக்க வேண்டி ஆசிரியர் தம் கதையின் முடிவைத் திருத்த வேண்டுவதில்லை என்பதே நம் துணிபு. படிக்க மனம் தாளாதவர் நூலை மூடி வைப்பதும் குறையாகாது. அந்நூல் அவருக்காகக் காத்திருக்கும். நூலை இரவல் கொடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு பொறுப்பு உண்டு: நூல் நல்லதா என்று பார்ப்பதோடு, வாங்குபவர் வீட்டில் அண்மையில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விருப்பமுள்ள அன்பர்கள், இரு முடிவுகளும் அச்சிட்ட ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பதிப்பொன்றை வாங்கி, இரவு உணவுக்குப் பின் வீட்டார் கேட்க இரண்டையும் படித்துப் பார்ப்பார்களாக. பாட்டியார் எதை விரும்புகிறார், பத்தாம் வகுப்புப் பெண் எதை விரும்புகிறாள் என்று கேட்டால், பிப்பையும் எஸ்டெல்லாவையும் பற்றி அறிவதைவிட அவர்கள் இருவரையும் பற்றி மிகுதியாக அறியலாம்.