பேன் திரும்பத் திரும்ப வருதா? ஈரை விட்டுடாதீங்க!

"போன வாரம்தானே உட்கார வெச்சு பேன் எடுத்தேன்... மறுபடியும் எப்படி வந்துச்சு?" ஸ்கூல் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. பதில், தலையில் மிச்சமிருந்த ஈரிலும், பக்கத்து பெஞ்சிலும் இருக்கிறது.

அழுக்கால் வருவதல்ல

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து மாறும். ஒரே போனை இரண்டு பேர் குனிந்து பார்த்தாலே போதும். தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். அதனால் திட்டாதீங்க. திட்டினால், அடுத்த முறை அரித்தாலும் சொல்லாமல் மறைப்பார்கள்.

அரிப்புக்குக் காத்திருக்காதீங்க

முதல் முறை பேன் வரும்போது அரிப்பு தெரியவே சில வாரங்கள் ஆகலாம். அதனால் வாரம் ஒருமுறை காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பாருங்க. தட்டினால் உதிர்வது பொடுகு. முடியோடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிப்பது ஈர்.

இரண்டு வாரக் கணக்கு

'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி' என்று பேச்சுக்குச் சொல்வோம். தலையில் அது நிஜமாகவே நடக்கிறது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள். அடுத்த 10 நாளில் அந்தக் குஞ்சும் வளர்ந்து முட்டையிடும். ஒருநாள் சீவினால் எப்படிப் போகும்?

முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவுங்க. ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்க. 3, 4 நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரம் தொடரணும். வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்த்துடுங்க. பேன் மருந்து போடுவதென்றால் டாக்டரிடம் கேட்டுப் போடுங்க. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இரண்டாவது முறையும் போட வேண்டியிருக்கும்.

தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டை சுடுதண்ணீரில் துவைத்தால் போதும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து தலையில் படவே கூடாது. சீத்தாப்பழ விதைப் பொடியும் ஆபத்து. கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும்.

ஸ்கூலுக்குப் போகும்போது...

நீளமான முடியை இறுக்கிப் பின்னி விடுங்க. சீப்பு, ரிப்பன், தொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்க. முக்கியமாக, பிள்ளையின் தோழி வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால், இங்கே எடுத்த பேன் அங்கிருந்து திரும்பி வரும். இரண்டு வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சீப்பை எடுத்தால் தொல்லை சீக்கிரம் ஒழியும்!