திரி பழசுதான், மட்டமானது அல்ல

தாராவியில் மித்தி ஆற்றை ஒட்டி, வீடுகள் நெருக்கியடிக்கும் சந்துகளுக்கு நடுவே நிற்கிறது காலா கில்லா. பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் 1737இல் கட்டியது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. அதே ஆண்டில்தான் அக்கரையில் சால்செட் தீவை மராத்தியர் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இக்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி. அக்கரையில் பெரும்பாலும் எரியும் திரி பொருத்திய துப்பாக்கி. நம்மவர்கள் அறிவியலில் பின்தங்கியதற்கு இதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள் சிலர். துப்பாக்கியே நம் கண்டுபிடிப்பு என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள் வேறு சிலர். இரண்டுமே ஆதாரத்துக்கு நிற்காது.

திரி என்பது வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த நூல் கயிறு. சூடேறும்போது வெடியுப்பு ஆக்சிஜனை வெளிவிடும். அதனால் சாம்பல் மூடிய உள்பகுதியிலும் கனல் சீராக நகரும். ஊதுபத்தியைப் போல அது சுடர்விடாமல் கனன்றுகொண்டே போகும். வீரன் அடிக்கடி சாம்பலை ஊதித் தள்ள வேண்டும், நுனி குறையக் குறையத் திரியைப் பிடித்திருக்கும் கொக்கியில் முன்னே இழுத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் ஊதுபத்தியைப் போலவே திரியும் நமுத்துவிடும். ஆனால் ஊதுபத்தியை இரு முனையிலும் யாரும் கொளுத்துவதில்லை; திரியைக் கொளுத்தினார்கள். துப்பாக்கியின் சிறு கிண்ணத்தில் இட்ட வெடிமருந்து பற்றும் வேகத்தில் ஒரு முனை அணைந்தால், மறுமுனையிலிருந்து மீண்டும் பற்றவைக்கலாம். விசையை இழுத்தால் கனல் நேராக மருந்தில் இறங்கும். கல்லோ பொறி தெறித்தால்தான் உண்டு: 1834இல் இங்கிலாந்தின் வுலிச்சில் நடந்த சோதனையில் கல் துப்பாக்கி ஏறத்தாழ ஏழு முறைக்கு ஒரு முறை வெடிக்கவில்லை.

பானிபட்டில் 1526இல் பாபரின் வெற்றிக்குத் துணைநின்றதும் திரித் துப்பாக்கிதான். துப்பாக்கியே நம் கண்டுபிடிப்பு என்று கதை கட்ட வேண்டியதில்லை; வரலாறாக இதைச் சொன்னால் போதும். திரி மட்டமானது அல்ல என்றால் ஐரோப்பா ஏன் 1700 வாக்கில் அதைக் கைவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோளோடு தோள் நெருங்கி அணிவகுக்கும் படையில், ஒருவன் கையிலுள்ள கனல் பக்கத்தில் நிற்பவனின் மருந்துப் பையைப் பற்றவைத்துவிடும். இருட்டில் அந்தக் கனலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கல் துப்பாக்கியை வேகமாகவும் நிரப்பலாம். மதில் மறைவிலிருந்தும் புதர் மறைவிலிருந்தும் தனித்தனியாகக் குறிபார்த்துச் சுட்டவனுக்கு இந்த நெருக்கடி குறைவு. எனவே கல்லின் வெற்றிக்குக் காரணம் பொறி மட்டுமல்ல. அதைச் சுற்றி எழுந்த அணிவகுப்புப் பயிற்சி, காகிதத் தோட்டா, தவறாத சம்பளம் ஆகியவையும்தான். கருவியை மட்டும் வைத்து ஒரு படையின் அறிவை எடைபோடுவது தவறு.