நெருப்பில்லாச் சுண்ணாம்பு

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு உள்ளே இருக்கும் செங்கல் சமாதிகளின் மேல்பூச்சு மேல்தான் கண்.

அன்றைக்குச் சுண்ணாம்புக்கு ஊரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஏரியில் கிளிஞ்சல் அள்ளி, காளவாயில் சுட்டு, தண்ணீர் தெளித்தால் பொரிந்து மாவாகும். மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு; கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சலவைக்கல்லாய் மின்னும். வெள்ளைக்காரர்கள் மெச்சிய ‘மெட்ராஸ் சுண்ணம்’ இதுதான். சுவரேறிய பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிவிடும். மட்டி தன் உடம்புக்குக் கட்டிய ஓடு, நெருப்பில் செத்துப் பிழைத்துச் சுவருக்கு ஓடானது.

இன்று கும்மிடிப்பூண்டியில் முறுக்குக் கம்பி உருட்டுகிறார்கள்; எங்கும் கம்பி வைத்த கான்கிரீட். பழைய சுவருக்குள் இரும்பில்லை, துரு பயமுமில்லை. இப்போது மயிரிழை விரிசல் போதும், உப்புக்காற்று உள்ளே போய்விடும். துருவேறிய கம்பி பருத்து, சன்ஷேடின் அடிப்பக்கம் பொறுக்குப் பொறுக்காய் உதிரும். கடலோரத்து வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கேதான் பாக்டீரியா வருகிறது. ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்றொரு இனம் யூரியாவை (வயலுக்குப் போடுகிறோமே, அதேதான்) உடைத்துக் கார்பனேட் தரும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் இரண்டும் சேர்ந்து அதன் உடம்பின் மேலேயே கல்லாய்ப் படியும். விரிசலை அடைத்துவிட்டுத் தானும் அதற்குள்ளேயே சமாதி. காளவாய்க்கு 900 டிகிரி வெக்கை வேண்டும். இதற்குத் தெளிப்பான் போதும். பிரான்சில் துவார் என்ற ஊரின் தேவாலயக் கோபுரத்தில் 1993-லேயே இப்படிப் பாக்டீரியாவைத் தெளித்துப் பூச்சு வளர்த்தார்கள், சில மைக்ரான் கனத்துக்கு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே போனார்கள்: வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியா ஒன்றின் மரபணுவை பேசில்லஸ் சப்டிலிஸுக்குள் புகுத்தி, அதைக் கான்கிரீட்டில் கலந்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள்.

யூரியா வழியில் ஒரு தொல்லை. அது உடையும்போது அமோனியா கிளம்பும். அளவு சொற்பம்தான். ஆனாலும் 2023 டிசம்பரில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் எண்ணூர்க்காரர்கள். அந்த நெடியோடு ஒரு பூச்சை அவர்களிடம் விற்க யாராவது வரட்டும், பார்க்கலாம்.